ஓங்கில் குட்டிக்கு க்ரீம் பிஸ்கட்

"ஐயோ, நாய்க்குட்டி மாதிரியே சிரிக்குதுடா!"

பின்னாலிருந்து யாரோ சொன்னது காதில் விழுந்தது. பழவேற்காட்டில் இறால் வாங்கிவர அம்மா அனுப்பியிருந்தாள். அன்றைய வேலை அவ்வளவுதான். வாங்கியும் விட்டேன். பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம். திரும்பிப் பார்த்தேன்.

ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்து மணல்திட்டில் ஓர் ஓங்கில் குட்டி, அதாவது டால்பின் குட்டி, தரைதட்டிக் கிடந்தது. முழங்கால் தண்ணீர். தள்ளி, ஆழத்தில், தாய் சுற்றிச் சுற்றி வந்தது.

கூலிங் கிளாஸ் போட்ட சுற்றுலாக்காரன் ஒருவன் "பப்பி, கம் கம்!" என்று விசிலடித்து க்ரீம் பிஸ்கட் வீசினான். குட்டி சீண்டவில்லை.

"டயட்ல இருக்கு போல" என்றான். அவன் நண்பன் குட்டியின் வாலைப் பிடித்து இழுத்தான்.

நான் பஸ்ஸில் நிறுத்தம் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடக்கிறவள். ஆனால் படித்தது விலங்கியல். மூன்று வருடப் படிப்பும் அப்போதா பொங்கவேண்டும்!

"அது நாய்க்கு சொந்தமில்ல! கடல்ல நாய்க்குக் கிட்டத்து சொந்தம்னா அது சீல்தான். ஓங்கில் ஆடு மாடு வகையறா!"

"ஆடா? கொம்பு எங்கக்கா?"

விட்டேனா! இறால் பையோடு தண்ணீரில் இறங்கி, குட்டியைக் காட்டிக் காட்டி ஆரம்பித்தேன்: குளம்பு போனது, முன்னங்கால் துடுப்பானது, மூக்கு உச்சந்தலைக்கு ஏறியது, இரைப்பைக்கு எத்தனை அறை... என் வாழ்நாளின் மிக நீளமான பேச்சு.

பக்கத்தில் தண்ணீருக்குள் கைவிட்டு இறால் தடவிக்கொண்டிருந்த கனகாக்கா நிமிர்ந்தார், எங்களுக்கு வழக்கமாக இறால் விற்பவர். வீட்டில் ஆடும் வளர்ப்பவர்.

"இன்னா பாப்பா, ஆட்டு ஜாதின்னா மூச்சு வுடுமா?"

"ஆமாக்கா. உச்சந்தலைல ஓட்டை இருக்கு."

"அது தண்ணில முங்கிக் கீதே!"

பார்த்தேன். நான் இரைப்பையில் இருந்தபோது குட்டி ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டிருந்தது.

"மூச்சு நிக்கப் போவுது, நீ பாடம் எடுத்துனு கீற! டேய், வால வுடு! ஆட்ட வாலப் புடிச்சா இழுப்பாங்க?"

ஓடிவந்து, அடிவயிற்றில் இரு கையும் கொடுத்து நிமிர்த்தினார். குட்டி 'புஸ்'ஸென்று என் முகத்தில் மூச்சு விட்டது. நான் அலறிப் பின்வாங்கி, தண்ணீரில் உட்கார்ந்தேன். வாங்கிய இறால் மொத்தமும் ஏரிக்கே திரும்பியது.

அக்கா குட்டியை அணைத்தபடி இடுப்பளவு ஆழத்துக்கு நடந்தார்.

"போ, ஒங்கம்மா காத்துனு கீது."

முதுகில் ஒரு தட்டு. குட்டி தாயிடம் போய்ச் சேர்ந்தது.

கரையேறியவரிடம் பிஸ்கட்காரன் போனை நீட்டினான். "ஆன்ட்டி, வீடியோ பதிவாகல! இன்னொருவாட்டி அதக் கூட்டிட்டு வாங்களேன்!"

கனகாக்கா போனை வாங்கி, கரையில் வைத்திருந்த தன் உயிர் நண்டுக் கூடைக்குள் போட்டு, மூடி மேல் உட்கார்ந்துகொண்டார்.