நாலு சில்லுக்கு மூன்று அளவு

கொழும்பில் கார் வைத்திருந்த ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிடாத மனுசன் பின்சில்லு அண்ணை. இவ்வளவுக்கும் அவரிடம் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போய் வந்த சாதாரணக் கிளாக்கர்.

சட்டைப் பையில் தையற்காரரின் அளவு நாடா ஒன்று எப்போதும் இருக்கும். காலி வீதியில் எந்தக் கார் நின்றாலும், காற்சட்டை அழுக்காவதையும் பாராமல் அதன் பின்சக்கரத்தருகே குந்திவிடுவார்; பின்சில்லு என்ற பெயர் வந்ததே அதனால்தான். முன்டயர் ஒரு அளவு, பின்டயர் ஒரு அளவு, அதிலும் இடதும் வலதும் வேறு வேறு என்று கண்டுவிட்டால் கார்க்காரர் தொலைந்தார். முன்சில்லு வழிதான் காட்டும், பாரத்தைத் தள்ளுவது பின்சில்லு, ஒரே அச்சில் பெரிதும் சிறிதுமாகப் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், உள்ளே பல்லுச்சக்கரம் தேயும் என்று பிரசங்கம் தொடங்கும். ரயில் பிடிக்க வேண்டியவர்கள்கூட நின்று கேட்டுத் தொலைக்க வேண்டியதுதான்.

ஒருநாள் பொரளையில் சவ ஊர்வலத்தையே மறித்துவிட்டார். பிரேத வண்டியின் பின்டயர் இரண்டும் ஒரே அளவில்லையாம், பெட்டி சரிகிறதாம். செத்தவரின் மகன் அழுகையை நிறுத்திவிட்டுக் குனிந்து டயரைப் பார்த்தான். சரிவு இருப்பது உண்மைதான் என்று சிலுவையோடு கூட வந்த சுவாமியாரும் ஒப்புக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கு அடுத்த அறையில் குடியிருந்துகொண்டு நான் ஒரு கார் வாங்கினேன். என் தலையெழுத்து.

ஆசைக்கு வாங்கவில்லை. நான் கட்ட விரும்பிய திரேசாவின் வீடு கொட்டாஞ்சேனையில். தகப்பனாருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். கலியாணத்தன்று பெண்ணை மாதா கோயிலுக்கு ஏற்றிப்போக மாப்பிள்ளை பக்கம்தான் கார் அனுப்ப வேண்டும். மூத்த மருமக்கள் இரண்டு பேரும் சொந்தக் கார் அனுப்பியிருந்தார்கள். எனக்கும் அதே சட்டம், வாடகைக் கார் என்ற பேச்சே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். தேடித் திரிந்து ஒரு கிழட்டுச் சின்னக் காரைப் பிடித்தேன். முன்சில்லு இரண்டிலும் நாலரை அங்குல டயர், பின்னால் ஒன்று ஐந்து, மற்றது நாலேமுக்கால். நாலும் தேய்ந்து நூல் தெரிந்தது.

இரண்டாம் உலக யுத்தகாலம் அது. ரப்பர் விளைகிற நாட்டில் டயருக்குப் பஞ்சம். அரசாங்கக் கந்தோரில் விண்ணப்பம் போட்டுப் பேர்மிட் வாங்க வேண்டும். நாலு சில்லுக்கும் நாலேமுக்கால் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் கிடைத்துவிடும் என்று விசயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அப்படியே எழுதுங்கள் என்று பின்சில்லு அண்ணையைக் கேட்டேன். அவருக்கு முத்து முத்தான கையெழுத்து. எழுதித் தந்தார். நான் வாசிக்காமல் கையொப்பம் வைத்தேன். அது என் மடத்தனம்.

பத்து நாளில் பதில் வந்தது. தாங்களே தெரிவித்தபடி தங்கள் வாகனத்தில் மூன்று அளவில் டயர்கள் இருப்பதாலும், அது பொதுமக்களுக்கு ஆபத்து என்று தாங்களே விளக்கமாக எழுதியிருப்பதாலும், சரியான டயர் பூட்டும்வரை அது தெருவில் இறங்கக்கூடாது. டயர் இப்போதைக்குக் கையிருப்பில் இல்லை.

கடிதத்தைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. சந்தோசத்தில்.

"பாத்தீரே தம்பி, அரசாங்கத்துக்கே விளங்கியிருக்கு," என்றார்.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்தக் கந்தோரில் வேலை செய்த யாரோ மூலம் சங்கதி எனக்கு முன்னரே கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டது. தகப்பனார் கூப்பிட்டனுப்பினார். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. தானும் வந்து விளங்கப்படுத்துவதாக அண்ணை பிடிவாதம் பிடித்தார். தடுக்கக்கூட எனக்குச் சீவன் இல்லை.

போனோம். மேசையில் தேத்தண்ணீரோடு வைத்த பிஸ்கற்றில் நாலை எடுத்துச் சில்லுகளாக அடுக்கிக்கொண்டு அவர் தொடங்கினார். முன்சில்லு, பின்சில்லு, அச்சு, பல்லுச்சக்கரம். முக்கால் மணித்தியாலம். திரைச்சீலைக்குப் பின்னால் திரேசா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்குக் கடலில் விழுந்து செத்தால் என்ன என்றிருந்தது.

தகப்பனார் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"எல்லாம் சரி. நாலுக்கும் ஒரே அளவெண்டு போட்டிருந்தால் டயர் கிடைச்சிருக்கும்தானே. இப்பிடி எழுதிக் குடுத்த மடையன் ஆர்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணை ஒரு பிஸ்கற்றைத் தள்ளி வைத்தார், திரும்பவும் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எழுதினது இவர்தான். மாத்தி எழுதும், ஒருத்தருக்கும் தெரியவராது எண்டு நான் சொன்னனான். கேக்கேல்லை. பிழையான டயரில உங்கட மகளை ஏத்த மாட்டாராம்."

தகப்பனார் என்னை நெடுநேரம் பார்த்தார். நான் பிஸ்கற்றைப் பார்த்தேன்.

"அப்ப பிள்ளை ரிக்‌ஷாவில போகட்டும்," என்றார்.

திரும்பி வரும் வழியில் கொட்டாஞ்சேனைச் சந்தியில் நாலைந்து கார்கள் வரிசையாக நின்றன. ஒன்றையும் பின்சில்லு அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு படிவத்தில் கால் அங்குலம் கூட்டிக் குறைத்து எழுதச் சம்மதியாத மனுசன், அன்று எனக்காக அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு, காய்ச்சல்காரர் போல நடந்து வந்தார்.

அவர் செத்துக் கன வருசமாகிறது. சைவ சமயக்காரர்தான். ஆனாலும் என் மனைவி வருசம் தவறாமல் கொட்டாஞ்சேனைக் கோயிலில் அவருக்காக ஒரு பூசை கொடுப்பாள். யாருக்காக என்று சுவாமியார் கேட்டால், "எங்கட அண்ணனுக்கு" என்று மட்டும் சொல்லுவாள்.