பேய்களை வரிசையில் நிறுத்திய சேஃப்டி சார்

சவுதியின் யான்புவில், ஏன், செங்கடல் கரை முழுவதிலுமே, பேய்க்குப் பாதுகாப்புச் சட்டை மாட்டிவிட்ட ஒரே மனிதர் எங்கள் சேஃப்டி சார்தான். பாஸ்போர்ட்டில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் யாருக்கும் அது தெரியாது.

சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. மனைவியும் ஒரு பெண்ணும் ஒரு பையனும் திருநெல்வேலியில். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களை வளைகுடாவில் ‘பேச்சிலர்’ என்பார்கள். இரண்டு பிள்ளை பெற்ற பேச்சிலராக எங்கள் எதிர் வீட்டில் பதினாறு வருடமாக இருந்தார்.

மற்றவர்கள் ஆலை வாசலில் ஹெல்மெட்டோடு வேலையையும் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். இவர் ஹெல்மெட்டை மட்டும் கழற்றுவார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று, உட்காருவதற்கு முன்பே இந்த வீட்டிலிருந்து வெளியே போக எத்தனை வழி என்று கேட்டார். சாப்பிடாமலே கிளம்பப் பார்க்கிறாரோ என்று என் கணவர் பதறிவிட்டார். என் மகன் கவினின் பிறந்தநாளில் அவன் கேக் மெழுகுவர்த்தியை ஊதி முடிக்கும்வரை பின்னால் தீயணைப்புக் கருவியோடு நின்றார். எங்கள் ஆல்பத்தில் அந்தச் சிவப்பு உருளையும் குடும்பத்தில் ஒருவர் மாதிரி நடுவில் நிற்கிறது.

எங்கள் காம்பவுண்டில் பல நாட்டுக் குடும்பங்கள் உண்டு. அக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ் நர்ஸின் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள் மூன்று பேரையும் கூப்பிட்டபோதுதான் ஹாலோவீன் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அப்போது மூத்தவள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது, ரத்தக் காட்டேரி ஆக வேண்டும். ஏழு வயதுக் கவினுக்கு எலும்புக்கூடு. மூன்று வயது மித்துவுக்குப் பேயாகவும் வேண்டும், பேய் என்றால் பயமும் உண்டு. அவள் தன்னையே பார்த்து அலறிவிடக் கூடாதென்று ஹாலில் இருந்த கண்ணாடியைத் துண்டு போட்டு மூடி வைத்தோம்.

பழைய படுக்கை விரிப்பில் நான் மித்துவுக்காகக் கண் ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது சேஃப்டி சார் வந்தார். ஓட்டையில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் வண்டி வந்தால் பேய்க்குத் தெரியாது என்றார். பேய்க்கு எதற்கு சார் வண்டியெல்லாம் தெரிய வேண்டும் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நான் சொல்லுதது பேய்க்கு இல்லம்மா. உள்ள இருக்க புள்ளைக்கு.”

ஊசி நூல் வாங்கி, தரையில் உட்கார்ந்து, கால் தடுக்காதபடி விரிப்பின் ஓரத்தை அவரே மடித்துத் தைத்தார். வாசலில் வைக்க முகம் செதுக்கியிருந்த பூசணிக்காய்க்குள் இருந்த மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு டார்ச் விளக்கு வைத்தார். அதோடு விட்டாரா? காம்பவுண்டுப் பிள்ளைகள் பதினேழு பேரையும் வரிசையில் நிறுத்தி, பளபளக்கும் பச்சைச் சட்டை மாட்டி, ஆலையில் வேலை தொடங்கும் முன் கொடுப்பது போலப் பத்து நிமிடம் பேசினார். ஓடக் கூடாது. கோரைப்பல் வைத்திருப்பவர்கள் மிட்டாய் தின்னும் முன் அதைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தலை எண்ணுவார். மிட்டாய் உறையில் காலாவதித் தேதி பார்ப்பார். ஒரு வீட்டில் போன மாதமே தேதி முடிந்த சாக்லேட்டைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து, வேறு இருக்கிறதா என்று கேட்டார். வாசல் காவலாளி அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, குள்ளமான ஆட்களாக யாரோ புது ஒப்பந்ததாரர் இறக்கியிருக்கிறார் என்று நினைத்தாராம்.

பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். ஆனால் அடுத்த வருடம் அக்டோபர் பிறந்ததுமே அவர்களாகப் போய், பச்சைச் சட்டையெல்லாம் துவைத்து வைத்துவிட்டீர்களா என்று அவர் கதவைத் தட்டினார்கள்.

அந்த மனிதர் கணக்குத் தவறிய இடம் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு லீவுக்கும் பெட்டி நிறையத் துணி வாங்கிப் போவார். ஒன்றுகூடப் பிள்ளைகளுக்குச் சேராது. போன லீவில் பார்த்த உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு வாங்குவார். அதற்குள் பிள்ளைகள் இரண்டு அளவு வளர்ந்திருப்பார்கள். இதை அவரே வேடிக்கை போலச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு கடைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போனார். அவர் மகள் யாழினியைவிட இரண்டு வயது பெரியவள். யாழினியின் தோளில் சுடிதாரை வைத்துப் பார்த்து, அதற்கு அடுத்த அளவை எடுப்பார். அந்த லீவில் துணியெல்லாம் கச்சிதமாகச் சேர்ந்ததாம். போட்டோவை அனுப்பிவிட்டு, பார்த்தேனா என்று போன் பண்ணியும் கேட்டார்.

மூன்று வருடம் ஓடியது. யாழினிக்குப் பதினைந்து வயது. பதினொன்றாம் வகுப்புக்குத் திருச்சியில் ஹாஸ்டல் என்று முடிவாகியிருந்தது. இங்கே வளரும் பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட வயதுக்கு மேல் இதுதான் நடக்கும். தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் நான் அந்த வருடம் ஒவ்வொரு நாளையும் பிடித்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து போகும் கடைசி ஹாலோவீன் அது. யாழினியோ, குட்டிப் பிள்ளைகளோடு பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நடக்க மாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலை சேஃப்டி சார் பட்டியலோடு வந்தார். கவின் கடற்கொள்ளைக்காரன். மித்து இப்போதும் அதே பேய். விரிப்பின் ஓரத்தைத்தான் வருடா வருடம் அவர் பிரித்துப் பிரித்து நீளமாக்கியிருந்தார். பட்டியலைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

“மூணு பேரு எழுதியிருக்கேன். ரெண்டு பேருதான் நிக்காங்க.”

பெரியவள் வரமாட்டாளாம் சார், வளர்ந்துவிட்டாளாம் என்றேன். அவர் கதவைத் தட்டப் போகவில்லை. மண்டி போட்டு மித்துவின் ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். தலையைத் தூக்காமலே பேசினார்.

“எம் மவ கடைசியா என்னைக்கு என் கையப் புடிச்சிட்டு நடந்தான்னு எனக்குத் தெரியாதும்மா. ஏதோ ஒரு லீவுல நடந்திருப்பா. அதுதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கு இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருப்பேன்.”

லேஸில் ஒரு முடிச்சு போதாதென்று இரண்டாவதும் போட்டார். நான் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது யாழினி ஹாலில் நின்றிருந்தாள். கதவுக்குப் பின்னால் எல்லாம் கேட்டிருக்கிறது. பள்ளி டிராக் பேன்ட்டும் பழைய டி-ஷர்ட்டும் போட்டிருந்தாள்.

“ஓகே சார், ஐ வில் கம். பட் நோ மேக்கப்.”

அவர் பெரிய அளவுச் சட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். அவளுக்கென்று ஏற்கெனவே கொண்டுவந்திருந்தார். அவள் அதை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் மித்துவையும் மறு கையில் கவினையும் பிடித்துக்கொண்டாள். கவின் கையை உதறினான். இரண்டு வீடு தாண்டியதும் அவனே பிடித்துக்கொண்டான். நான் அன்று மிட்டாய் கொடுக்க வீட்டில் இருக்கவில்லை. கூடவே நடந்தேன். கடைசி வீடு முடிந்ததும் சேஃப்டி சார், தலை எண்ணியது சரியாக வரவில்லை என்று சொல்லி, காம்பவுண்டை இன்னொரு சுற்று சுற்ற வைத்தார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. நானும் எண்ணியிருந்தேன்.

ஏப்ரலில் யாழினி திருச்சி போனாள். ஜூனில் சேஃப்டி சார் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பினார். அவர் போய்ச் சேர்ந்த இரண்டாவது மாதம் அவர் மகள் கல்லூரிக்கென்று கோயம்புத்தூர் கிளம்பிவிட்டாளாம். கேள்விப்பட்டபோது யாரைக் கோபித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வருட ஹாலோவீன் அன்று கவினும் மித்துவும் வெளியே போன பிறகு அவருக்கு போன் செய்தேன். ஏதாவது பிரச்சினையா என்றுதான் எடுத்தவுடன் கேட்டார். ஒன்றுமில்லை சார், சும்மாதான் என்றேன்.

“பெரியவ எப்பம்மா வாரா?”

“டிசம்பர்ல சார். உங்க பொண்ணு?”

“அவளும் டிசம்பர்தான்.”

அதற்கு மேல் பேச எங்கள் இருவரிடமும் எதுவும் இல்லை. ஆனாலும் அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.