பத்து நிமிஷத்தில் கல்யாண வீடியோ

பிட்டுக்கும் பைட்டுக்கும் ஒரே எழுத்தை வைத்தவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், அப்புறம் இருக்கிறது சேதி. ஆங்கில எழுத்தைச் சின்னதாகப் போட்டால் பிட்டாம், பெரிதாகப் போட்டால் பைட்டாம்! எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். இதைக் கள்ளக்குறிச்சி கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் பாடமாகவே நடத்துகிறவன் நான். (சம்பளம் வாங்கிக்கொண்டுதான்.)

கல்யாணமான புதிதில் கச்சிராயபாளையத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். போட்டோகிராபர் கல்யாண வீடியோவை நெட்டில் ஏற்றி லிங்க் அனுப்பியிருந்தார். ஆறு ஜிபி. கால் ஒடிந்து கிடந்ததால் கல்யாணத்துக்கு வரமுடியாமல் போன மாமனாரின் அக்கா, அதைப் பார்க்கவென்றே வடக்கனந்தலிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

“எவ்ளோ நேரம் ஆவும் மாப்ள? மூணர வண்டிய வுட்டா மாடு கறக்க ஆளு கெடையாது.”

வீட்டு வைஃபை செகண்டுக்குப் பத்து எம்பி வேகம். ஆறு ஜிபி என்றால் ஆறாயிரம் எம்பி; பத்தால் வகுத்தேன், அறுநூறு செகண்ட். “பத்தே நிமிஷம்ங்க” என்றேன், ராக்கெட் விடுகிறவன் தோரணையில்.

பத்து நிமிஷம் ஆனது. பன்னிரண்டு சதவீதம்தான் இறங்கியிருந்தது. மாமியார் காபி கொடுத்தார். பிறகு முறுக்கு. பிறகு, “டிவிய நிறுத்துனா சீக்கிரம் வருங்களா?” என்று கேட்டு அதையும் நிறுத்தினார்.

“இன்னா மாப்ள, கல்யாணமே இத்தவிட சீக்கிரம் முடிஞ்சிச்சே!” என்றார் மாமனார்.

ரோஷத்தோடு நெட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஆதாரத்துக்காக லேப்டாப்பில் பிளான் விவரத்தைத் திறந்து, சத்தமாகப் படிக்கப் போன இடத்தில்தான் கவனித்தேன். சின்ன எழுத்து. வீடியோ அளவு பைட்டில், வேகம் பிட்டில்! பத்து நிமிஷமில்லை, எண்பது. இதே கணக்கைத் தப்பாகப் போட்டதற்காகப் போன வாரம் ஒரு வகுப்பையே திட்டியிருந்தேன்.

சத்தமில்லாமல் போனைத் துண்டித்துவிட்டு, மானத்தைக் காப்பாற்றத் தொடர்ந்து கத்தினேன். “மேனேஜர்கிட்ட குடுங்க!”

மனைவி சுகன்யா எட்டிப் பார்த்தாள். “ஏங்க, போன்தான் கட்டாயிச்சே. யாரத் திட்டிக்கினு இருக்கீங்க?”

மூன்றரை வண்டிக்கு நேரமாகிவிட்டது. மாமனாரின் அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்தார். “பரவால்ல மாப்ள. பொண்ணு மாப்ளயவே நேருல பாத்துட்டேனே, போதும்.” அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாளே லேப்டாப்போடு வடக்கனந்தல் போய், முழு வீடியோவையும் போட்டுக் காட்டிவிட்டு வந்தேன். ஆனாலும் மாமனார் வீட்டில் புதிதாக ஓர் அளவு பிறந்துவிட்டது. ‘மாப்ள நிமிஷம்’ ஒன்றுக்குச் சாதாரண நிமிஷம் எட்டு. இன்றைக்கும், “பத்து நிமிஷத்துல வூட்ல இருப்பேன்” என்று நான் போனில் சொன்னால், சுகன்யா எட்டால் பெருக்கித்தான் உலை வைக்கிறாள்.

எரிச்சல் என்னவென்றால், ஒருநாள்கூடச் சோறு ஆறிப்போனதில்லை.