செம்புத் தகட்டைத் தொடாமல் உள்ளே வந்த விமானம்

சிவகாசி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி செந்தூர்பாண்டிக்கு, மூத்தவள் சுப்புத்தாய் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் பேத்தி அனுப்பிரியாவும் சுகம். அங்கே உன் சர்க்கரை இறங்கி, உன் சம்சாரம் கற்பகத்தின் முழங்கால் வலி நின்று, சீசன் ஆர்டர் மட்டும் ஏறிக்கொண்டே போகவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "அக்கா, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். ஆகையால் உன் போர்மேன் சங்கிலிமுத்து கையில் இந்தக் கடுதாசியைக் கொடுத்து அனுப்புகிறேன். இதில் பேட்டரி கிடையாது, தேய்த்தாலும் பொறி வராது, தைரியமாக ஃபேக்டரிக்குள் கொண்டு போ என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அனுவின் விமானத்தை உன் ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டி ஒன்பது நாள் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரைப் பக்கம் ஒரு மைதானத்தில், ரிமோட் விமானம் விடுகிறவர்கள் எல்லாரும் கூடுகிறார்கள். சனிக்கிழமைக்குள் அது எங்கள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். "இருபத்தொம்பது வயசுப் பிள்ளைக்கு என்னக்கா சின்னப்பிள்ளை விளையாட்டு?" என்று கேட்டாயாம். அங்கே வருகிறவர்களில் ஒருத்தர் பல் டாக்டர், ஒருத்தர் பேங்க் மேனேஜர், ஒருத்தர் ரிட்டயர்டு தாசில்தார். நீ அறுபத்தாறு வயசில் கிளப்பில் உட்கார்ந்து ரம்மி ஆடுகிறாயே, அது என்ன கலெக்டர் உத்தியோகமா? என் பேத்தி அதைக் கடையில் வாங்கவில்லை தம்பி. பகலெல்லாம் பிரஸ்ஸில் லேபிள் டிசைன் பண்ணிவிட்டு வந்து, தெர்மாகோலை வெட்டி, ஒட்டி, தேய்த்து, தன் கையாலேயே செய்தாள். மோட்டாரும் ரிமோட்டும் மட்டும்தான் வாங்கினது. முதல் தடவை அது தரையை விட்டு ஏறினபோது எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கண்மாய்க்குள் அதன் பின்னாலேயே ஓடினேன், எழுபத்திரண்டு வயசில்!

அன்றைக்கு நடந்ததில் கடைசியைத்தான் நீ காம்பவுண்டுக்கு வந்து பார்த்தாய். நான் கண்மாய்க் கரை மேலிருந்து முழுசாகப் பார்த்தேன், ஆகையால் ஒழுங்காகச் சொல்கிறேன். உன் ஃபேக்டரிக்குப் பக்கத்து எம். புதுப்பட்டிக் கண்மாய் வறண்டு கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உன் ஃபேக்டரி லீவு என்று நம்பித்தான் போனோம், சீசன் லோடு அனுப்ப அன்றைக்கும் நீ ஆள் வைத்திருப்பாய் என்று யார் கண்டது? விமானம் மூன்று வட்டம் அழகாக அடித்தது, நாலாவது வட்டத்தில் மேல்காற்று பிடித்து இழுத்துக்கொண்டு உன் காம்பவுண்டுக்கு மேலே போய்விட்டது, திருப்பினால் திரும்பவில்லை, பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது, இந்தப் பக்கம் கரண்டுக் கம்பி, அந்தப் பக்கம் கருவேல முள், நடுவில் நீ தரைச்சக்கர வெடி காயப்போட்டிருக்கிற மேடைகள். அந்த இரண்டு மேடைக்கு நடுவே நாலடி அகலத்தில் நடைபாதை இருக்கிறதே, தம்பி, அதில் இறங்கியது! ஒரு சக்கரத்தைத் தொடவில்லை! நான் அஞ்சாங்கிளாஸ், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஆனால் இடது கைக் குச்சியை மெள்ள மெள்ளக் கீழே இறக்கி, தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது வலது கைக் குச்சியைப் பொட்டு அளவு இழுத்தால்தான் மூக்கு தூக்கி வயிற்றால் உட்காரும். ஒரு பொட்டு கூடினாலும் குப்புற விழும். அந்த இறக்கத்தைப் பல் டாக்டர்கூட இறக்கமாட்டார்.

அதற்கப்புறம் நடந்ததற்கு விமானம் பொறுப்பில்லை. இறக்கையின் அடியில் ஒட்ட அனு பிரஸ்ஸிலிருந்து வேஸ்ட் ஷீட் கொண்டுவந்தாள். நம்மூரில் நோட்டுக்கு அட்டை போடுவதிலிருந்து அலமாரித் தட்டில் விரிப்பதுவரை எல்லாம் வேஸ்ட் ஷீட்தானே? அது உன் கம்பெனி ஒட்டகச்சிவிங்கி வெடி லேபிளாக இருந்தது, அவ்வளவுதான். கீழேயிருந்து பார்த்த உன் ஃபேக்டரி ஆள் முருகம்மாள், "ஏ யாத்தே, நம்ம ஒட்டகச்சிவிங்கி வெடி பறந்து வருது! ஓடுங்க!" என்று கத்த, வேலைக்கு வந்திருந்த நாற்பது பேரும் சுவருக்கு வெளியே போய்க் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார்களாம். சங்கிலிமுத்துதான் சொன்னான். "எண்ணிக்கிட்டே இருக்கோம் ஆச்சி, வெடிக்கவே மாட்டேங்குது." முருகம்மாள் "நமத்துப்போச்சோ?" என்று கேட்டதற்கு, "ஏய், நம்ம கம்பெனிச் சரக்கு நமத்துப்போகாது" என்று இவன் அதட்டினானாம். விசுவாசம் என்றால் அது. நீயோ காரிலிருந்து இறங்கினதும் இறங்காததுமாக "ஏலே, இது எந்த லாட்டு?" என்று கேட்டிருக்கிறாய்.

அரை மணி நேரம் வெடிக்கும் என்று காத்திருந்து, ஈரச்சாக்கைப் போடவும் மணலைக் கொட்டவும் நீங்கள் கிளம்பும்போதுதான் அனு கருவேல முள்ளைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தாள். அவ்வளவு அவசரத்திலும் செருப்பைக் கழற்றி, வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தானே உள்ளே வந்தாள்? "தாத்தா, இது வெடிக்காது" என்று கைப்பிள்ளையைத் தூக்குகிறமாதிரி தூக்கியிருக்கிறாள். "வெடிக்காத சரக்குக்கு எதுக்குடி என் லேபிளு?" என்று கத்தினாயாம். "உடம்புக் கரண்டு எறங்கட்டும்னு செம்புத் தகடு வச்சிருக்கேன், இன்ஸ்பெக்டரே தொட்டுட்டுத்தான் வாராரு, இது மட்டும் எதையும் தொடாம வந்துருக்கு" என்று குதித்தாயாம். அதில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. மருந்துக்குப் பக்கத்தில் பேட்டரி வந்தது பெரிய தப்பு, அரைநாள் வேலை கெட்டது, நான் மறைக்கவில்லை. அதற்குத்தான் அனு சத்தியம் பண்ணினாள். உன் வாசலில் தீக்குச்சி உரசக் கூடாது என்று காளியம்மன் கோயில்வரை வந்து, "இனிமே ஃபேக்டரிப் பக்கம் விமானம் விடமாட்டேன்" என்று உன் கண் முன்னால் சூடம் அணைத்தாளே, அப்புறமும் பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தால் என்ன அர்த்தம்? இனி அவள் விடமாட்டாள். நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். நான் பொறுப்பு.

கற்பகத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் லாரியெல்லாம் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வந்து, சரக்கெல்லாம் வெடிக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சுப்புத்தாய்

பின்குறிப்பு: கடுதாசியை மடிக்கப்போகும்போது சங்கிலிமுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். "என்ன இருந்தாலும் அந்தப் பிள்ளை எறக்குனது எறக்கந்தாம்லே" என்று நீயே ஃபேக்டரியில் சொன்னாயாம். அதைக் கேட்டபிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தம்பி, அன்னைக்கு ரிமோட் என் கையில இருந்துச்சு. அனு கரைக்குக் கீழே தண்ணி எடுக்கப் போயிருந்தா. எனக்காகத்தான் பழியை ஏத்துக்கிட்டா. சூடம் அணைச்சது அவதான், நான் அணைக்கல. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துல கொடுத்திருக்கிற பேரும் என் பேருதான். என்னைய எம்புட்டு வேணும்னாலும் ஏசிக்கோ, விமானத்தை மட்டும் வயித்தைப் பிடிச்சுத் தூக்கிச் சங்கிலிமுத்துகிட்ட கொடுத்து விடு. இன்னொண்ணு, அந்த நாப்பது பேருகிட்டயும் எறக்குனது யாருன்னு திருத்திச் சொல்லிரு.