கொம்பு நிவாரணம்

திங்கட்கிழமை காலை, கொல்லையில் வெறுங்காலோடு உலாவிக்கொண்டிருந்த சம்பந்தமூர்த்தியை அவருடைய ஆடு பின்பக்கமாக முட்டித் தள்ளியது.

வேறு நாளாயிருந்தால் தேரடி வரை கேட்கும்படி அலறியிருப்பார். திங்கட்கிழமை அவருக்கு மௌன விரதம். விழுந்த இடத்திலேயே சத்தமில்லாமல் எழுந்து உட்கார்ந்து, கையில் இருந்த சிலேட்டில் 'முட்டிவிட்டது' என்று எழுதி, சமையற்கட்டுப் பக்கமாகத் தூக்கிக் காட்டினார்.

அவர் மனைவி நீலாம்பாள் எட்டிப் பார்த்தாள். "கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. வாயைத் தொறந்து சொல்லுங்க."

அவர் அதை அழித்துவிட்டுப் பெரிய எழுத்தில் 'ஆடு' என்று எழுதினார்.

"ஆடுதான் தெரியுதே. நீங்க எதுக்குச் சேத்துல உக்காந்திருக்கீங்க?"

சிலேட்டில் இதற்கு இடம் போதாது. சம்பந்தமூர்த்தி பெருமூச்சு விட்டார். விரதத்தில் பெருமூச்சுக்குத் தடை இல்லை.

தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி, ஹெட்கிளார்க்காக ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாளே, தான் சொன்னதைக் கேட்க ஊரில் ஆள் இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். உடனே ஜீவகாருண்ய சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்துத் தானே தலைவரானார். தலைவர் என்றால் கதர் வேண்டும், கதர் கட்டினார். மகாத்மா ஆட்டுப்பால் குடித்தார். இவரும் ஆடு வாங்கினார். மௌன விரதத்துக்கு மகாத்மா மட்டும் காரணமில்லை. மலையைச் சுற்றிக் குகைக்கு ஒரு மௌனி உட்கார்ந்திருக்கிற ஊர் இது. இங்கே ஒரு பெரிய மனிதர் வாரத்தில் ஒரு நாளாவது வாயை மூடாவிட்டால் மரியாதை ஏது?

ஆட்டை வாங்கியதே அந்த மௌனத்தால்தான் என்பது அவர் கட்சி. நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, மலை சுற்றி வரும்போது அடி அண்ணாமலையில் ஆராயி என்பவளிடம் இந்த ஆட்டைப் பார்த்தார். பேசாமல் நின்று ஆட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவளாகவே பாதி விலைக்கு இறங்கி வந்தாள். "நான் ஒரு வார்த்தை பேசலை. மௌனத்தோட சக்தி ஐயா அது!" என்று செவ்வாய்க்கிழமை முழுவதும் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டுக்குச் சாந்தி என்று பெயர் வைத்தார். நல்ல கறப்பு. அதைவிட அவருக்குப் பிடித்தது அதன் அஞ்சாமை. கழியை முகத்துக்கு நேரே ஓங்கினாலும் சாந்தி கண் கொட்டாது. "அடி விழும்னு தெரிஞ்சும் அசையாம நிக்குது பாருங்க. சத்தியாக்கிரகி!" என்று வந்தவர்களுக்கெல்லாம் ஓங்கிக் காட்டுவார்.

ஆனால் சத்தியாக்கிரகி முட்டியது. போன மூன்று திங்கட்கிழமையும் இவரைத்தான் முட்டியது. சங்கத்தின் உபதலைவர் ஏகாம்பரநாத குருக்கள், ஓசி பேப்பர் படிக்க ஓசைப்படாமல் நுழைகிற பழக்கம் உள்ளவர். அவர் இடுப்பில் இரண்டு தடவை முட்டியது. காரியதரிசி கோதண்டராமன் ஜவுளிக்கடைக்காரர். நாலு வீடு தாண்டி வரும்போதே கிறீச் கிறீச்சென்று கத்தும் செருப்பு போட்டவர். அவரை மட்டும் ஆடு தொட்டதில்லை. கடைக்காரனுக்கு உள்ள மதிப்பு ஆட்டுக்குத் தெரிகிறது என்று அவர் அடக்கத்தோடு சொல்லிக்கொள்வார்.

"என்னை ஒரு நாளாவது முட்டியிருக்கா? கொழந்தை மாதிரி பின்னாடியே வருது" என்றாள் நீலாம்பாள்.

"நீ நாள் பூரா பேசற பேச்சுக்கு யானையே ஒதுங்கிப் போகும்" என்று சம்பந்தமூர்த்தி மறுநாள் பதில் சொன்னார். திங்கட்கிழமைச் சண்டைகளுக்கு அவர் செவ்வாய்க்கிழமைதான் பதில் சொல்ல முடியும்.

விஷயம் வீட்டோடு இருந்தால் பரவாயில்லை. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. சப்-கலெக்டர் தலைமை. நிகழ்ச்சி நிரலில் நாலாவது இனம்: 'தலைவர் அவர்கள் வளர்க்கும் ஆடு சாந்திக்கு சப்-கலெக்டர் அவர்கள் மாலை அணிவித்தல்.' பெஞ்சு கோர்ட்டில் சம்பளமில்லாத கௌரவ நீதிபதியான ஆனரரி மாஜிஸ்ட்ரேட்டின் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. யார் உட்காரலாம் என்று எழுதி அனுப்ப வேண்டியவர் அதே சப்-கலெக்டர். மாலை போடக் குனிகிறவரை ஆடு முட்டினால், அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

"ஆட்டைக் கொல்லையிலயே கட்டிப்போட்டுட்டு, ஒரு படத்துக்கு மாலை போடச் சொல்லுங்களேன்" என்றாள் நீலாம்பாள்.

"நோட்டீஸ் அச்சாயிடுச்சு."

அச்சானதை மாற்றுவதைவிட ஆட்டை மாற்றுவது சுலபம் என்று அவருக்குத் தோன்றியது.

முதலில் கோவில் வாசல் கடையில் பெரிய மணி ஒன்று வாங்கி வந்து ஆட்டின் கழுத்தில் கட்டினார். ஆடு வருவது தெரிந்தால் ஆட்கள் ஒதுங்கிக்கொள்வார்கள் அல்லவா? ஒதுங்கத்தான் செய்தார்கள். ஆனால் மணி கட்டிய ஒரு மணி நேரத்தில், அதுவரை முட்டாத நீலாம்பாளையே சாந்தி முட்டிவிட்டது. பால் செம்பு உருண்டு ஓடியது.

"என்னையே முட்டிடுச்சுங்க!" என்றாள் அவள். இடுப்பு வலியைவிட மனசு வலி அதிகம். "கூப்பிட்டுக்கிட்டேதான் போனேன். காதுலயே வாங்கலை."

புதன்கிழமை மணியைக் கழற்றிவிட்டு, பழைய கதர் வேட்டியைக் கிழித்து இரண்டு கொம்பிலும் பந்து பந்தாகச் சுற்றினார். அன்று ஆட்டுக்கு உண்மையாகவே பைத்தியம் பிடித்தது. சுவரில் மோதியது. தண்ணீர்ப் பானையை உடைத்தது. வாசலில் சாத்தியிருந்த 'ஜீவகாருண்ய சங்கம் – தலைமை அலுவலகம்' என்ற போர்டின் மேல் நேராகப் போய் விழுந்து அதை இரண்டாகப் பிளந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவசரக் கூட்டம் கூடியது. மூன்று பேர் வந்திருந்தார்கள். சங்கமே மூன்று பேர்தான்.

"கொம்பு ஈஸ்வரன் குடுத்தது. அதை அறுக்க நாம யாரு?" என்று ஆரம்பித்தார் குருக்கள். பிறகு இடுப்பைத் தடவிக்கொண்டு, "ஆனா ஒண்ணு. என் இடுப்பை உத்தேசிச்சு அதைக் குடுத்திருக்க மாட்டான்" என்றார்.

"நகமும்தான் ஈஸ்வரன் குடுத்தான். வாரா வாரம் வெட்டிக்கலையா?" என்றார் கோதண்டராமன்.

"நகத்தை வெட்டினா ரத்தம் வராது ஓய்."

"கொம்புல வருமான்னு அறுத்துப் பாத்தாத்தானே தெரியும்?"

காபி கொண்டுவந்த நீலாம்பாள் நின்றாள். "முட்டுது முட்டுதுன்னே பேசறீங்க. ஏன் முட்டுதுன்னு ஒருத்தரும் கேக்கலையே?"

"அது அஜெண்டாவில் இல்லை" என்றார் சம்பந்தமூர்த்தி.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அங்கத்தினர் எவரும் எந்த ஜீவனையும் வெட்டவோ அறுக்கவோ கூடாது என்பது சங்கத்தின் இரண்டாவது விதி. சம்பந்தமூர்த்தி பேனா முனையைக் கடித்தபடி யோசித்தார். பஞ்ச நிவாரணம், வெள்ள நிவாரணம் என்று அவர் கை எழுதாத நிவாரணம் இல்லை. அந்தக் கை இப்போதும் அவரைக் கைவிடவில்லை. 'சாந்திக்குக் கொம்பு நிவாரணம் அளிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதி, ரப்பர் ஸ்டாம்பு குத்தினார். ஆட்டுக்கு ஏதோ உபகாரம் செய்வது போலவே இருந்தது.

சனிக்கிழமை, மனசு கேளாமல், கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆட்டைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஜீவகாருண்யத் தலைவரின் ஆடு முட்டுகிறது என்று ஊரில் பரவக் கூடாது. "சிநேகிதர் ஒருத்தரோட ஆடு, முட்டுது. கொம்பை அறுத்துடலாமான்னு கேக்கறார்" என்றார்.

"குட்டியா இருக்கும்போதே கொம்பு முளையைச் சுட்டு நிறுத்தியிருக்கணும். வளந்த ஆட்டுக்குக் கொம்புக்குள்ள எலும்பு, ரத்தம், உணர்ச்சி எல்லாம் இருக்கு. தொடாதீங்க" என்றார் டாக்டர். "ஆட்டை ஒரு நடை இங்க கொண்டாரச் சொல்லுங்க. ஏன் முட்டுதுன்னு பாத்துடுவோம்."

"சிநேகிதர் வெளியூர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

கார்த்திகை தீபத்துச் சந்தையில் மாட்டுக்கு லாடம் கட்டவும் கொம்பு சீவவும் வந்த தருமன், சந்தை கலைந்த பிறகும் ஊரிலேயே இருந்தான். திங்கட்கிழமைதான் அவனுக்கு ஒழிந்தது. ரம்பத்தோடு வந்தவன் ஆட்டின் கொம்பைத் தடவிப் பார்த்துத் தயங்கினான்.

"நுனின்னா சீவிடறேங்க. அடியோடன்னா பாவமுங்க. உள்ள உசுரு ஓடுது."

மௌனத்தில் இருந்த தலைவர் தீர்மானத்தை நீட்டினார். தருமனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ரப்பர் ஸ்டாம்பு தெரியும். சர்க்கார் உத்தரவு என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு, ஆட்டின் கண்ணைத் துணியால் கட்டினான்.

"கண்ணைக் கட்டுனா எந்த ஆடும் ஒரு உதறு உதறும்ங்க. இது தேமேன்னு நிக்குது. என் சர்வீசுல இப்படி ஒரு ஆட்டைப் பாத்ததில்லை."

சம்பந்தமூர்த்தி பெருமையாகத் தலையாட்டினார்.

ரம்பம் இறங்கியது. ஆடு போட்ட சத்தத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. அது ஆட்டுக் குரலாகவே இல்லை. ரத்தம் பீறிட்டு அவருடைய கதர் ஜிப்பாவில் தெறித்தது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். பக்கத்தில் குருக்களும் கோதண்டராமனும் சாட்சிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு வருஷ விரதம். திறந்த வாயை மூடிக்கொண்டு, சிலேட்டில் 'போதும் நிறுத்து' என்று எழுதி, தருமனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

தருமன் சிலேட்டைப் பணிவோடு பார்த்தான். "இன்னொண்ணும் எடுத்துடணும்கிறீங்களா? ஆவட்டுங்க" என்று மற்றக் கொம்பில் ரம்பத்தை வைத்தான்.

பிறகு சாந்தி முட்டவில்லை. நடக்கவும் இல்லை. மஞ்சள் அப்பிய இரண்டு கட்டைகளோடு, கட்டிய இடத்தில் கட்டியபடி நின்றது. கயிற்றை அவிழ்த்துவிட்டாலும் அங்கேயே நின்றது. தழையை வாயருகே கொண்டுபோய் வைத்தால் இரண்டு இலை மென்றது. பால் வற்றியது. நீலாம்பாளும் மௌன விரதம் தொடங்கியிருந்தாள். அவளுடைய விரதத்துக்குக் கிழமைக் கணக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா பிரமாதமாக நடந்தது. சப்-கலெக்டர் அதிகம் பேசாதவர். சத்தம் வராத ரப்பர் பூட்ஸில் நடந்து வந்து, மாலையைப் போட்டார். கட்டைக் கொம்பைச் சாமந்தி மறைத்தது. ஆடு சிலை மாதிரி நின்றது.

"எத்தனை சாந்தம்!" என்றார் சப்-கலெக்டர். மேடையிலிருந்து இறங்கும்போது, "உங்க பேரை எழுதி அனுப்பிட்டேன்" என்றும் சொன்னார்.

இரண்டு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சம்பந்தமூர்த்தி காத்திருந்தார். வந்தபோது அது உப்பில்லாத சோறு மாதிரி இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையிலேயே ஆட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மாலை இன்னும் கழுத்தில் வாடிக் கிடந்தது. ஆடு அதைக்கூடத் தின்னவில்லை. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், சிலேட்டைத் தூர வைத்துவிட்டு, "சாந்தி" என்றார்.

ஆட்டின் காது அவர் பக்கம் திரும்பியது. ஒரு காலைத் தூக்கியது. வைக்க யோசித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டது.

"வா. நான்தான். வந்து முட்டிட்டாவது போ."

கொல்லைக் கதவு திறந்தது. தலையில் அகத்திக்கீரைக் கட்டோடு ஆராயி வந்தாள். ஊருக்குள் கீரை விற்க வந்தவள், தான் விற்ற ஆட்டுக்கும் ஒரு கட்டு போட்டுவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருந்தாள். ஆட்டின் தலையைப் பார்த்ததும் கட்டு நழுவிக் கீழே விழுந்தது.

"இன்னா ஐயா இது? இன்னா பண்ணி வச்சீங்க?"

"எல்லாரையும் முட்டிச்சும்மா…" என்றார் சம்பந்தமூர்த்தி. "பேசாம போற ஆளைக்கூட விடாம முட்டிச்சு. அதான்…"

ஆராயி உட்கார்ந்து ஆட்டின் முகத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். அந்தக் கட்டைகளை ஒரு விரலால் தொட்டாள்.

"முட்டலை ஐயா, எதிர்ல இன்னா இருக்குதுன்னு தொட்டுப் பாத்துச்சு. அன்னிக்கே சொல்ல வாயெடுத்தேன், நீங்கதான் உதட்டுல வெரலை வச்சு 'உஸ்'ஸுன்னுட்டீங்க. பொறந்ததுலேருந்தே அதுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்களே!"