சந்தனம் வைத்த ட்ரோனும் தம்பியின் ரிக் வண்டியும்

புதுச் சாமான் வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கையேட்டைப் படித்துவிட்டுச் சாமானைத் தொடுகிறவர்கள் ஒரு வகை. சாமானை எடுத்துக்கொண்டு, கையேட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடி, பெட்டியைப் பரண்மேல் போடுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது கட்சிக்கு நான்தான் தலைவி. பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் வேறு. எனக்குப் போய் எவனோ எழுதிய கையேடு எதற்கு? (இந்தக் கேள்வியை இப்போது யாராவது கேட்டால் நானே அடிப்பேன்.)

ட்ரோன் வாங்கியது தம்பி மோகனுக்காக. அவன் ரிக் வண்டிக்காரன். ஆழ்துளைக் கிணறு போடும் லாரிக்குத்தான் ரிக் என்று பெயர். திருச்செங்கோட்டைச் சுற்றி எந்த ஊரில் கல்லெறிந்தாலும் ஒரு ரிக் வண்டிக்காரர் தலையில்தான் விழும். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வடக்கே போவார்கள். மாதக்கணக்கில் ஊர் ஊராகத் துளை போட்டுவிட்டு, கறுத்து இளைத்து வீட்டுக்கு வருவார்கள். மோகனும் மீசை முளைத்த நாளிலிருந்து அடுத்தவர் வண்டியில் அப்படிச் சுற்றியவன்தான். பல வருஷம் பாடுபட்ட பிறகு முதல்முறையாகச் சொந்த ரிக் எடுத்திருந்தான். அதற்குப் பூசை போட்டு வடக்கே அனுப்பும் நாள்தான் என் கதையின் நாள்.

அந்த நாளைப் பற்றி எங்கள் அம்மாவுக்கு ஒரே பயம். அப்பா ஒரு காலத்தில் லாரி வாங்கிக் கிளப்பியபோது பூசைத் தேங்காய் அழுகலாக இருந்ததாம். அந்த லாரி எங்கள் வீட்டு வாசலில் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. அதனால் மகன் வண்டி கிளம்பும்போது ஒரு குறை, ஒரு தடங்கல், ஒரு தும்மல் வரக் கூடாது என்று அம்மா எல்லாருக்கும் உத்தரவு போட்டிருந்தார். காலையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த என் கணவரை வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைக்கே அனுப்பிவிட்டார். (தும்மி முடித்துவிட்டு வரச் சொல்லி.)

எனக்கு அம்மாவின் பயம் இல்லை. தம்பியின் மாமனார்மேல் கோபம்தான் இருந்தது. அவர் கோழிப்பண்ணைக்காரர். பெண்ணைக் கொடுத்தாரே தவிர, மாப்பிள்ளையின் தொழிலை ஒரு நாளும் மதித்ததில்லை. பண்ணை வைத்துத் தருகிறேன், வீட்டோடு இருங்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். மோகன் கேட்கவில்லை. அதிலிருந்து எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "ரிக்கெல்லாம் ஒரு பொழப்புங்களா? பூமியைக் குத்திக்கிட்டே ஊரூராச் சுத்தோணும்" என்பார். தம்பி சிரித்துக்கொண்டு நிற்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவர் வாயை அடைக்கிற மாதிரி, சினிமாக்காரன் எடுத்தது போல வானத்திலிருந்து ஒரு படம் எடுத்து, அதை அவர் வீட்டு டிவியிலேயே போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

பயிற்சி எல்லாம் எங்கள் கடலைக்காட்டில்தான். நாங்கள் இருக்கும் இடம் பறக்க அனுமதி உள்ள பச்சைப் பகுதி என்று செயலியில் பார்த்துக்கொண்டேன். படித்தது அதை மட்டும்தான். புதியவர்களுக்கு என்று மெதுவாகப் பறக்கும் ஒரு முறை அதிலேயே இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஸ்கூட்டி பழகும்போதே எல் போர்டு ஒட்ட மாட்டேன் என்று சாதித்தவள் நான். அந்த முறையை அணைத்துவிட்டு நேரே மேலே ஏற்றினேன். ஏறியது, நின்றது, சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கியது. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் கிடந்த, ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த கணவரின் லுங்கியைக்கூடக் கண்டுபிடித்துக் கொடுத்தது. போதாதா? மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் அந்தப் படத்தைக் காட்டினேன். லுங்கியை மட்டும் வெட்டிவிட்டுக் காட்டினேன்.

பூசையன்று காலை ரிக் வண்டி வாசலில் நின்ற அழகை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும். துளை போடும்போது செங்குத்தாக நிற்கும் இரும்புக் கோபுரம், பயணத்துக்காக டிரைவர் தலைக்கு மேல் நீட்டிப் படுத்திருந்தது. அதன் நுனியில் மாவிலையும் வேப்பிலையும் கொத்தாகக் கட்டியிருந்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தம்பியின் மாமனாரும் வந்திருந்தார். ஆனால் கூட்டத்தோடு நிற்கவில்லை. எல்லாருக்கும் பின்னால், வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்படியே நில்லுங்கள், உங்களுக்குத்தான் படம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ரிக்கைச் சுற்றிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், என் கையிலிருந்த ட்ரோனைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதுவும் புது வண்டிதானே சாமி? ஒண்ணுக்கு வெச்சுப்போட்டு ஒண்ணுக்கு வெக்காம உடலாமா?"

(எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையைத்தான் சாமி என்று கூப்பிடுவார்கள்.) ஒரு அறிவியல் ஆசிரியை இந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ட்ரோனைப் பவ்வியமாக நீட்டினேன். அம்மா முன்னால் இருந்த கேமராக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று வைத்தார். அதோடு விட்டேனா? "அடியிலயும் ரெண்டு கண்ணு இருக்குதும்மா" என்று நானே ட்ரோனைக் குப்புறத் திருப்பிக் காட்டினேன். தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்காக வைத்திருக்கும் கண்கள் அவை. அம்மா அந்த இரண்டையும் சந்தனத்தால் தாராளமாக மெழுகி, குங்குமமும் வைத்தார். தம்பி மனைவி தன் தலையிலிருந்து ஒரு துண்டு மல்லிகைச் சரத்தை எடுத்து ட்ரோனின் இடுப்பில் கட்டிவிட்டாள். பார்க்க மணப்பெண் போல இருந்தது.

ஏற்றினேன். கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. தீபாராதனை காட்டிக்கொண்டிருந்த பூசாரியே தட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாந்தார். எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. திரையில் படம் முழுக்கத் தங்க நிறமாகத் தெரிந்தது. காலை வெயில் என்னமாய் விழுகிறது என்று வியந்துகொண்டே எடுத்தேன். (வெயில் இல்லை. கண்ணாடியில் வழிந்த சந்தனம்.)

பூசை முடிந்தது. தம்பி அம்மா காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினான். எமகண்டம் ஆரம்பிக்கும் முன் கிளம்பியாக வேண்டும். வண்டி நகர்வதற்குள் ட்ரோனை இறக்கிவிட வேண்டும் என்று இறங்கும் பொத்தானை அமுக்கினேன். பாதி உயரம் வரை வந்தது. அங்கேயே நின்றது. மறுபடியும் அமுக்கினேன். மாட்டேன் என்றது. தன் வயிற்றில் அப்பியிருந்த சந்தனத்தையே அது தரை என்று நினைத்திருக்க வேண்டும். காற்று வேறு மெல்ல லாரிப் பக்கம் தள்ளியது. இடதுபக்கம் இழுத்தேன், வலதுபக்கம் போனது. ட்ரோன் நம்மைப் பார்த்து நின்றால் நமக்கு இடது அதற்கு வலது என்பது பரண்மேல் கிடந்த கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறதாம். நான் இழுக்க இழுக்க அது ரிக்குக்கு மேலேயே போய் நின்றது. மல்லிகைச் சரம் வேப்பிலைக் கொத்தில் மாட்டியது. இறக்கைகள் இலையில் படபடவென்று அடித்து நின்றன. டிரைவர் தலைக்கு மேல், கோபுரத்தின் நுனியில், எங்களைப் பார்த்தபடி ட்ரோன் உட்கார்ந்துவிட்டது.

அதே நேரம் இன்ஜின் உறுமியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி நகர்ந்தது.

டேய் மோகா என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்திவிட்டது.

"போறவனப் பின்னால கூப்புடாத சாமி."

அவ்வளவுதான். எங்கள் பக்கம் கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போன காரியம் விளங்காது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மேலே ட்ரோன் உட்கார்ந்திருப்பதும் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினேன். தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டு, அக்கா பாசத்தில் டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து அவனும் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

தும்மி முடித்துத் திரும்பி வந்த என் கணவர், போன் போட்டுச் சொல்லிவிடலாமே என்றார். போனில் கூப்பிட்டாலும் கூப்பிடுவதுதான் என்றார் அம்மா. பைக்கில் குறுக்கே போய் முன்னால் நிறுத்துகிறேன் என்றார் இவர். ஒற்றை ஆளாக எதிரே போய் நிற்பதா என்று அம்மா அதையும் தள்ளிவிட்டார். இவர் துணைக்கு ஆள் தேடுவதற்குள் வண்டி சங்ககிரி ரோட்டில் திரும்பிவிட்டது. என் கையிலிருந்த திரையும் இருண்டது.

ட்ரோன் போனால் போகிறது. அது அந்த உச்சியிலிருந்து ஓடும் வண்டிக்கு முன்னால் விழுந்துவிட்டால்? தம்பியின் முதல் பயணத்தில் அதைவிடப் பெரிய அபசகுனம் உண்டா? அம்மா அதை எந்த ஜென்மத்தில் மறப்பார்? தம்பிக்கு நாளைக்கு எது நடந்தாலும் என் ட்ரோனால் நடந்தது என்றுதானே இருக்கும்? பகுத்தறிவெல்லாம் எங்கே போனதோ, விழாமல் இரு, விழாமல் இரு என்று நான் அதைக் கும்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது மாமனார் வேப்பமரத்தடியிலிருந்து மெதுவாக நடந்து வந்தார்.

"ஏனுங் அம்மிணி, அது மேலயே உக்காந்து போகோணும்னுதான் உட்டீங்களா?"

அம்மாதான் ஒரு கணமும் யோசிக்காமல் பதில் சொன்னார்.

"ஆமாங்க சம்பந்தி. கோயில் கும்பாபிசேகத்துக்குக் கருடன் வருமில்லைங்க, அந்த மாதிரி."

சொன்னதுதான் தாமதம், கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. ஆமாம், கருடன்தான், அதுவும் நுனியிலேயே வந்து உட்கார்ந்ததே என்று ஆளுக்கு ஆள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கடையில் வாங்கிய சாமான், கால் மணி நேரத்துக்குள் கண்ணெதிரே தெய்வமாகிவிட்டது. அம்மாவை அன்றைக்குப் பார்த்து நான் பெருமைப்பட்டது போல என்றைக்கும் பட்டதில்லை. சகுனத்துக்கு அப்படிப் பயந்தவர், மகனுக்காகச் சகுனத்தையே கையோடு செய்து கொடுத்துவிட்டார்.

மத்தியானம் தம்பியே போன் செய்தான். தொப்பூர் தாண்டி டீக்கு நிறுத்தினார்களாம்.

"அக்கா, உன்ற ட்ரோனு எங்க தலைக்கு மேல உக்காந்திருக்குது. நீ என்ன, கூடவே வாரயா?"

அது விழவில்லை என்ற நிம்மதியில் நான் நடு வீட்டில் உட்கார்ந்து அழுதேன். வடக்கே பார்த்துக் கிளப்பிய வண்டியைத் திருப்ப முடியாது என்பதால் ட்ரோனும் அப்படியே மத்தியப் பிரதேசம் போய்ச் சேர்ந்தது. (எங்கள் வீட்டுப் பொம்பளைகளில் அவ்வளவு தூரம் தனியாகப் போனது அது ஒன்றுதான்.) இறக்கைகள்தான் நின்றிருந்தன, கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தம்பி அந்தப் படத்தை அனுப்பிவைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தி வீட்டாரையும் கூப்பிட்டு எங்கள் டிவியில் போட்டோம்.

நான் எடுக்க நினைத்தது தம்பி போவதை. ட்ரோன் எடுத்திருந்தது நாங்கள் நிற்பதை. ஓரமெல்லாம் மஞ்சளாக, நடுவில் எங்கள் கூட்டம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வரிசையாக நின்றது. நான் மட்டும் பேய் பிடித்தவள் போலக் கை ஆட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வண்டி தள்ளிப் போகப் போக நாங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தோம். அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடி தெரிந்தது. தரையில் நின்றிருந்த எங்களில் ஒருவர் கண்ணிலும் படாதது உயரத்திலிருந்து பார்த்த அதற்குப் பட்டிருக்கிறது. மாமனார் கட்டிய கையைப் பிரித்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கோயில் கோபுரத்தைக் கும்பிடுகிற மாதிரி மாப்பிள்ளையின் வண்டியைக் கும்பிட்டார். வண்டி ரோட்டில் திரும்பும் வரைக்கும் கையை இறக்கவில்லை.

தம்பி மனைவி தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, இதைய மட்டும் அழிக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்க மாமா" என்றேன். அறிவியல் ஆசிரியை மனமறிந்து சொன்ன பெரிய பொய் அது.

தம்பி அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டித் தன் போனில் வைத்திருக்கிறான். துளை போட்டுத் தண்ணீர் வராத நாட்களில் எடுத்துப் பார்ப்பானாம். என் பிழைப்பும் கொஞ்சம் மாறிவிட்டது. எங்கள் பக்கம் புது ரிக் கிளம்பினால், கருடனை உட்கார வைத்துத் தாருங்கள் என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கையேட்டை வரிக்கு வரி படித்து, எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். வேண்டுமென்றே ஒரு தடவைகூட உட்கார வைக்க முடியவில்லை.

மாமனார் இன்னமும் மாறவில்லை. விசேஷத்துக்கு வந்தால், ரிக்கெல்லாம் ஒரு பொழப்புங்களா என்று பழைய பாட்டை எடுப்பார். அம்மா இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "மேல இருந்து பாத்தாத்தான் தெரியுமுங்க சம்பந்தி" என்பார். அவர் குனிந்து சாப்பிடத் தொடங்கிவிடுவார். தலை குனிந்திருந்தாலும் சிரிக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.