பம்பாய் மெஷின் சொன்ன பதில்

தூத்துக்குடி,
12-7-1977

கர்த்தருக்குள் பிரியமான மகன் அருமைநாயகத்துக்கு, முத்தையாபுரத்திலிருந்து அப்பா கிருபாநிதி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் சுகம் கேட்டு ஆறு கடிதம் போட்டும் பதில் இல்லை. ஆகவே இதில் கேட்கவில்லை.

நீ பம்பாய்க்கு டெலக்ஸ் ஆபரேட்டராகப் போன நாள்முதல், எங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் காலைத் தபாலைப் பிரிக்கும் முன் நான் ஒரு காரியம் செய்துவருகிறேன். டெலக்ஸ் பார்க்கிற பிலோமினா உங்கள் நம்பரைப் போட்டுத் தருவாள். ‘நீ யார்’ என்று கேட்கிற பொத்தானை நான் அமுக்குவேன். டகடகவென்று உங்கள் கம்பெனி பெயர் எங்கள் மெஷின் தாளில் அடித்து வரும். பிள்ளை வேலைக்கு வந்துவிட்டான், காய்ச்சல் தலைவலி இல்லை என்று ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து, சாவி வாங்கிப் போய் நானே நம்பரைப் போட்டேன். அன்றும் பதில் வந்தது. பண்டிகை நாளிலும் பிள்ளையை வேலை வாங்குகிறானே பாவி என்று, உன் மேனேஜர் மனந்திரும்பச் சபையில் ஜெபக்குறிப்பு கொடுத்தேன். குருவானவரும் கண்ணை மூடி உருகி ஜெபித்தார்.

போன திங்கட்கிழமை, "ஏளா பிலோமினா, எம்மவன் என்னா வேகமா அடிக்கான் பாத்தியா!" என்றேன். அதற்கு அவள் சொன்னாள்:

"அண்ணாச்சி, அது ஆளு அடிக்கது இல்ல. கரண்ட் இருந்தாப் போதும், மெஷினு தானாப் பேரச் சொல்லும். ரூமு பூட்டிக் கெடந்தாலும் சொல்லும். நீங்க தெரிஞ்சுதான் அமுக்குதீங்கன்னு நெனச்சேன்."

இரண்டு வருஷம்லே! இரண்டு வருஷமா ஒரு இரும்புப் பெட்டிகிட்ட சுகம் விசாரிச்சிருக்கேன். அன்றைக்கு டீ குடிக்கப் போகவில்லை. உன் அம்மா போன பிறகு ஒரு நாளைக்கு எனக்கென்று வருகிற ஒரே பதில் அதுதான். வீட்டில் ஒத்தையாக இருக்க முடியவில்லை ஐயா.

இனி அந்தப் பொத்தானைத் தொடமாட்டேன். நீயும் எழுத வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைச் சேதமில்லாமல் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
அப்பா கிருபாநிதி

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் பிலோமினா பழைய டெலக்ஸ் சுருள்களைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்கள் நம்பரிலிருந்து ‘நீ யார்’ என்று மட்டும் கேட்டிருக்கிறது. எங்கள் மெஷினும் பெயரைச் சொல்லியிருக்கிறது. லைன் சரிபார்க்கிறார்கள் என்று அவள் விட்டுவிட்டாளாம். ஏலே அருமை, நீ ஆபரேட்டர். மெஷின்தான் பதில் சொல்லும்னு தெரிஞ்சுமாலே தினம் கேட்ட? ஒரு வரி அடிக்க விரலா வலிக்கி? காலையில் நான் வழக்கம்போல அமுக்குவேன். தினம் வீட்டுக்குப் போகிற நாலரை பஸ்ஸை இன்றைக்கு விட்டுவிட்டேன். அஞ்சு மணிக்கு மெஷின் பக்கத்திலேயே நிக்கேன், கேளு.